ஏழாம் பாத்தி

பிப்ரவரி 6

இன்றிலிருந்து ஏழாம் பாத்தி என் பொறுப்பு. இன்னாசி அண்ணன் சொல்லிவிட்டார். அவர்தான் நான் வேலை பார்க்கிற தோட்டத்து சூப்பர்வைசர். சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிற மேடம், மாதம் ஒருமுறை வருவார். இங்கே விளைகிற எதையும் எங்கள் மேல்மலையில் யாரும் சாப்பிடுவதில்லை. செலரி, பார்ஸ்லி, லீக்ஸ் என்று எல்லாமே கொடைக்கானல் ஹோட்டல்களுக்கு ஜீப்பில் போகிறது.

ஏழாம் பாத்தியில் இருப்பது சைவ்ஸ். பார்த்தால் புல். கிள்ளி மோந்தால் வெங்காயம். ஈர்க்குச்சி போல மெல்லிய இலை, உள்ளே குழல். மொத்தம் அறுபது தூர். வெட்டும்போது மண்ணுக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்ட வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "புல்லுக்குக் காவல் போடுறாங்களா?" என்று அப்பா கேட்டார். அப்பா பூண்டு விவசாயம். அவருக்குப் பூண்டைத் தவிர எல்லாமே புல்தான்.

இந்த நோட்டு ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியலுக்கு வாங்கியது. பதினோரு பக்கம்தான் எழுதியிருந்தேன். மிச்சத்தை வீணாக்குவானேன்.

பிப்ரவரி 9

முதல் தடவை வெட்டினேன். இருபது கட்டு. ஒவ்வொன்றையும் ரப்பர் பேண்டு போட்டு ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தேன். இன்னாசி அண்ணன் ஒரு கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் குறை சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சவர்ணம் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. தோட்டம் முழுவதுக்கும் தண்ணீர் திறப்பது அவர் வேலை. மேல் தட்டில் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறக்கிற இரும்புச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு கலெக்டர் மாதிரி நடப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏ பூட்டு" என்பார். நான் வாயைத் திறப்பதில்லையாம். இன்றைக்கு எல்லார் முன்னாலும், "பூட்டுக்கே ஒரு பாத்தி குடுத்துட்டாங்க, இனி செடியும் பேசாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் பார்க்கட்டும்.

பிப்ரவரி 12

இலை நுனியெல்லாம் மஞ்சளாகிறது. நேற்றுப் பத்துப் பதினைந்து தூர்தான், இன்று பாதிப் பாத்தி. பூண்டும் இப்படித்தான். இலை மஞ்சளாகிச் சாயத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால்தான் கீழே இருப்பது இறுகும். எங்கள் ஊரில் ஆறு வயசுக் குழந்தைக்கும் இது தெரியும். அப்பா போன வாரமே நிறுத்திவிட்டார்.

இன்னாசி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஷெட் வரைக்கும் போனேன். அவர் போனில் இருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பாத்தியின் தலைப்பில், சருகுக்கு அடியில், ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பழைய குழாயோடு வந்தது. அது இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

மாலை ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 17

வீட்டில் பூண்டு பிடுங்க ஆரம்பித்தாயிற்று. விடிந்ததும் ஒரு மணி நேரம் அப்பாவோடு பிடுங்கிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறேன். நல்ல திரட்சி. தண்ணீரைச் சரியான நாளில் நிறுத்தினதால்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டார்.

ஏழாம் பாத்தி இன்னும் மஞ்சள். மெதுவாக இறுகும்.

பிப்ரவரி 22

காலையில் போய்ப் பார்த்தேன். அறுபது தூரும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. மஞ்சள்கூட இல்லை, வைக்கோல் நிறம். கையில் எடுத்தால் நொறுங்குகிறது.

சருகை விலக்கிப் பார்த்தேன். வால்வு இப்போது திறந்துதான் இருக்கிறது.

அக்கா மேலே திறந்ததும் தண்ணீர் வந்தது. ஆனால் மண் குடிக்கவில்லை. காய்ந்த மண் மேல் உருண்டு ஓடிப் பாதையில் இறங்கிவிட்டது.

பத்து மணிக்கு இன்னாசி அண்ணன் பார்த்தார். மண்வெட்டியால் ஒரு போடு போட்டார். உள்ளே சாம்பல் மாதிரி இருந்தது. "பத்து நாளா இதுக்குத் தண்ணி போகல" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மேல் தட்டுக்குப் போய்ப் பஞ்சவர்ணம் அக்காவைப் பிடித்தார். தினமும் திறந்தேன் என்று அக்கா குலசாமி குழந்தை வேலப்பர் மேல் சத்தியம் செய்தார். எந்நேரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு திறந்ததாக நினைத்திருப்பாய் என்று அண்ணன் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் கேரளாவில் வேலை பார்க்கிறார். அக்கா அவரோடு பேசிக்கொண்டே வால்வு திறப்பது எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரலில் அப்படி ஒரு உடைசல் வரும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. பொய் எழுத வேண்டாம் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி 24

அக்காவை நிறுத்தப் போகிறார்களாம். மார்ச் 22 மேடம் வருகிறார். அதுவரைக்கும் வேலை. அக்காவும் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அவர் மகளும் தோட்டத்து அறையில்தான் குடியிருக்கிறார்கள். அதையும் காலி செய்ய வேண்டும். வத்தலக்குண்டில் மாமியார் வீடு இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றி அக்கா ஒரு தடவைகூட நல்லதாகச் சொன்னதில்லை.

என்னிடம் இன்னாசி அண்ணன் சொன்னது: எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைக்குழியில் போடு, லெட்யூஸ் நாற்று வருகிறது.

பிப்ரவரி 25

பிடுங்கினேன். குழியில் போடவில்லை.

முதல் தூரைப் பிடுங்கி மண்ணை உதறியபோது அடியில் சின்னச் சின்ன வெங்காயம் போலக் கொத்தாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். கெட்டி. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. மேலேதான் செத்திருக்கிறது. அடி சாகவில்லை.

அண்ணனிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்று எழுந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. காட்டினால் பேச வேண்டும். பேசினால் கேள்வி வரும்.

சரி, பேச வேண்டாம். செய்துவிட்டுப் போகிறேன். அறுபது தூரையும் சாக்கில் கட்டி மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பத்தொன்பதில் அடியும் சுருங்கிச் சருகாகியிருந்தது. அவற்றை மட்டும் குழியில் போட்டேன். குழியில் ஏதாவது கிடந்தால்தான் போட்டேன் என்று நம்புவார்கள். மிச்சம் நாற்பத்தொன்று. அவை குப்பை இல்லை. யார் சொன்னாலும் இல்லை.

பிப்ரவரி 26

எப்படிப் பிழைக்க வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒன்றை ஒரு மாதிரியும் இன்னொன்றை இன்னொரு மாதிரியும் செய்து பார்க்கிறேன்.

வேரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தேன். ஒவ்வொரு தூரையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கறுப்பு நர்சரிப் பையில் நட்டேன். பாதிப் பைகளில் காய்ந்த இலையை அப்படியே விட்டேன். மீதியில் இரண்டு விரல் விட்டு மொட்டையடித்தேன். மேலே சாக்கு கட்டி நிழல். மொத்தம் நூற்றுப் பதினான்கு பை.

மார்ச் 2

இலையோடு விட்டவை சொங்கிப்போய்க் கிடக்கின்றன. இன்று அவற்றையும் மொட்டையடித்தேன். இல்லாத தண்ணீரைச் செத்த இலைக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் வேர் என்ன செய்யும்.

தினமும் தண்ணீர் ஊற்றின வரிசையில் ஆறு பை அழுகிவிட்டது. சாகக் கிடப்பதற்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற நல்லது என்று நினைத்திருந்தேன். அது தவறு. இனி விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, மண் குடிக்கக் குடிக்க.

மார்ச் 4

ஒரு பையில் ஊசி முனை அளவுக்குப் பச்சை.

மார்ச் 5

இன்று ஒன்பது பையில்.

பஞ்சவர்ணம் அக்கா பார்த்துவிட்டார். மோட்டார் போட வந்தவர், சாக்கைத் தூக்கிப் பார்த்தார். நான் வாளியோடு நின்றேன். போய்ச் சொல்லிவிடுவார், ஒழிந்தேன் என்று நினைத்தேன்.

"ஏ பூட்டு, குப்பைக்குப் போனதுக்கு வைத்தியமா?"

நான் தலையாட்டினேன்.

அக்கா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகப் பார்த்தார். பச்சை வந்த பையை மட்டும் விரலால் தொட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இது பொழச்சா என்னைய வச்சுக்குவாங்களாடி?"

நான் வாளியைப் பார்த்தேன். அக்கா எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு பழைய சாக்கு ஷெட் வாசலில் கிடந்தது, அலசிக் காயவைத்தது. நிழல் கட்ட.

அவர் எனக்கு நல்லது செய்யாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 8

தலைவலி. வேலைக்குப் போனேன். நாற்பது பையில் பச்சை.

மார்ச் 11

அம்மா இன்று பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், தலைச்சுற்றல் வந்ததால்தான் யோகு பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று. இரண்டு வருஷமாக எல்லாரிடமும் அதையே சொல்கிறோம். சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது போல ஞாபகம்.

சுற்றவில்லை. ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. யார் என்று டீச்சர் கேட்டார். பக்கத்தில் நின்றது நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடைக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தைதான், அது வரவில்லை. பேசாமல் நிற்பதே ஒப்புக்கொள்வது என்று டீச்சர் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் வரை வெளியே நில் என்றார். மூன்று நாள் வராண்டாவில் நின்றேன். நான்காம் நாள் போகவில்லை.

உடைத்தவள் மூன்று நாளும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள், வந்தாள். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அவள் பெயரை எழுத மாட்டேன். இரண்டு வருஷமாக அவளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதற்கு மேல் இன்று எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 16

ஹோட்டலிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டதாம், சைவ்ஸ் எங்கே என்று. இன்னாசி அண்ணன் எரிச்சலில் ஷெட்டுக்குப் பின்னால் ஏதோ குழாய் தேடி வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். எண்பத்தாறு பை. விரல் நீளத்துக்கு, எல்லாம் நிமிர்ந்து, கரும்பச்சையில்.

"குழில போடச் சொன்னேன்ல?"

நான் நிமிர்ந்தே நின்றேன். தலையைக் குனியவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பைகள் எனக்குப் பின்னால் இருந்தன.

அண்ணன் ஒரு பையைத் தூக்கி அடியில் பார்த்தார். வெள்ளை வேர் துளை வழியாக எட்டிப்பார்த்தது. சிரித்துவிட்டார். மேடம் வரும்போது காட்ட வேண்டும் என்றார். ஜீப் டிரைவரிடமும் பார்ஸ்லி பாத்திக்காரர்களிடமும் "நம்ம யோகு" என்று சொல்லிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை.

மார்ச் 19

அக்கா அறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். கதவு திறந்திருந்தது, பார்த்தேன். மகளின் பரீட்சை முடியும்வரை இருக்க விடுங்கள் என்று கேட்டாராம். மேடத்திடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று அண்ணன் சொன்னாராம்.

நான் காலையிலிருந்து பைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை தடவை எண்ணினாலும் எண்பத்தாறுதான்.

மார்ச் 22

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

பதினொரு மணிக்கு மேடம் வந்தார். இன்னாசி அண்ணன் பைகளைத் தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார். தோட்டத்தில் வேலை செய்கிற ஒன்பது பேரும் சுற்றி நின்றோம். மேடம் ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்தார். எப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்டார். நான் செய்து காட்டினேன். கத்தரியால் வெட்டினேன், மண்ணில் விரலை விட்டேன், கணுவைக் காட்டினேன். "வாயே தொறக்காது மேடம், கைதான் பேசும்" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

மேடம் யோசித்துவிட்டுச் சொன்னார், இப்படிக் கவனமாக இருக்கிற பெண்ணிடம்தான் தண்ணீரைக் கொடுக்க வேண்டும், இனிமேல் தோட்டம் முழுவதுக்கும் இவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. சம்பளமும் கூடும். வீடு தூரம் என்றால் காலியாகிற அறையில் தங்கிக்கொள்ளலாம்.

"பஞ்சவர்ணம், சாவிய அவகிட்ட குடும்மா."

அக்கா இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். அது சீக்கிரம் அவிழவில்லை. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு சாவியை என் முன்னால் நீட்டினார். என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. நல்லா இரு என்பது மாதிரி ஒரு பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் கையை நீட்டவில்லை.

"நான்தான் மூடுனேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. "என்னது?" என்றார் அண்ணன்.

"ஏழாம் பாத்தி வால்வ. பாத்தித் தலப்புல இருக்கிற சின்ன வால்வு. அக்கா தெனமும் தண்ணி தொறந்தாங்க. நான் பத்து நாள் மூடி வச்சிருந்தேன். எல மஞ்சளாச்சு. பூண்டுக்கு நாங்க அப்படித்தான் செய்வோம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தகரத்தில் கல் விழுவது மாதிரி.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

"சொல்லல."

"மூடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கப் பயமா இருந்துச்சு."

"இப்ப பயமில்லையாக்கும்?"

"இப்பவும் இருக்கு."

அப்புறம் அக்கா ஆரம்பித்தார். அவ்வளவையும் இங்கே எழுத முடியாது. என் பல், என் முழி, என் பரம்பரை, பூண்டு, நான் தின்ற சோறு, எதையும் விடவில்லை. ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றார். குலசாமி மேல் செய்த சத்தியத்தையே தன் மகள் சந்தேகப்பட்டதாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன எதுவும் தவறில்லை, பரம்பரையைத் தவிர.

அப்படியானால் இந்தப் பெண் வேண்டாம், அனுப்பிவிடுங்கள் என்று மேடம் சொன்னார். நான், "தப்பு பண்ணினது நான். பொழைக்க வச்சதும் நான். அனுப்புறதுன்னா ரெண்டையும் கணக்குல வச்சு அனுப்புங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மேடம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். அக்கா சாவியை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டே, "இவள அனுப்பிட்டா இந்தப் புல்ல யாரு மேக்கிறது? எனக்குத் தெரியாதுப்பா" என்றார். என் மேல் உள்ள அன்பில் இல்லை. உண்மையைச் சொன்னார்.

மேடம் காரில் ஏறும்போது, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வேலையிலும் இருக்கலாம், அறையிலும் இருக்கலாம். எனக்கு ஒரு வாரம் வேலை கிடையாது, அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார்.

மார்ச் 23

அப்பாவுக்குச் செய்தி வந்துவிட்டது. பூண்டைக் கட்டிக்கொண்டே கேட்டார், நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது, வலியப் போய் எதற்குச் சொன்னாய், உன்னை யாராவது கேட்டார்களா என்று.

"யாரும் கேக்கலப்பா. கேக்கவே மாட்டாங்க. அதான் சொன்னேன்."

அப்பா ஒரு கட்டை முடிந்து, அடுத்த கட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாதா என்று விசாரித்தார். கூடாது என்றேன். அதற்கு எப்போதும் அளவாக ஈரம் வேண்டும் என்று விளக்கினேன். "இதென்ன சென்மம்" என்றார். ஆனால் முழுவதும் கேட்டார்.

மார்ச் 24

ஒரு வாரம் வராதே என்றால் செடிக்கு யார் சொல்வது? பையில் இருப்பது இந்த வாரம் மண்ணுக்குப் போக வேண்டும். வேர் முட்டிவிட்டது. போனேன்.

இன்னாசி அண்ணன் வாசலில் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு ஜீப்பில் பெட்டியை அடுக்கப் போய்விட்டார். லெட்யூஸ் நாற்று வரவேயில்லை, ஏழாம் பாத்தி காலியாகத்தான் கிடந்தது. தலைப்பில் இருந்த சின்ன வால்வை அண்ணன் கழற்றி எடுத்துவிட்டார். அங்கே இப்போது நேர்க்குழாய்.

பதினோரு மணி வரை மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினேன். ஒரு சாண் இடைவெளி விட்டு எண்பத்தாறையும் நட்டேன். பிறகு மேல் தட்டுக்கு ஏறி அக்காவின் முன்னால் நின்றேன். தண்ணீர் வேண்டும் என்றேன்.

அக்கா என்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார் போல. வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க வந்து மொணமொணன்னா எனக்குக் காது கேக்காது. பாத்தில போய் நில்லு. அங்கருந்து கேளு. வேணும்னாலும் கத்தணும், போதும்னாலும் கத்தணும். கைய கிய்ய ஆட்டுன, எனக்குக் கண்ணும் தெரியாது."

இறங்கிப் போனேன். மேல் தட்டுக்கும் ஏழாம் பாத்திக்கும் நடுவில் நான்கு படிக்கட்டு வயல். பார்ஸ்லி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தரியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். முகம் கொதித்தது. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "அக்கா" என்பது மட்டும் வந்தது. அக்கா திரும்பவே இல்லை. சாவியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வயிற்றிலிருந்து இழுத்தேன்.

"யக்கா! ஏழாம் பாத்திக்குத் தண்ணி!"

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அங்கே ஒத்தாசைக்குப் போயிருந்த அப்பாவும் இருந்தார். அக்கா நிதானமாகக் குனிந்து சாவியைத் திருகினார். குழாய் முதலில் இருமியது, பிறகு ஒவ்வொரு தூரின் அடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. இந்தத் தடவை மண் குடித்தது.

உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு கணு. கொஞ்சம் பொறுத்தேன். இரண்டு கணு.

எழுந்து, "போதும்க்கா" என்று கத்தினேன். முதல் தடவையே கேட்டுவிட்டது.